போகிறேன் என்றபின் வரும் சலுகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் நின்று இலக்கியம் பேசிய இம்மேடையில், ஒரு தொழிற்சாலையின் பணியாளர் துறையில் முப்பத்தோராண்டு கோப்புகளோடு காலங்கழித்த என்னை இன்று நிறுத்தியிருக்கிறார்கள். காப்பியம் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருந்தால் மறுத்திருப்பேன். “நம் காலனிப் பிள்ளைகளுக்குப் பயன்படுவதாக ஏதேனும் பேசுங்கள்” என்றார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்தேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் ஒருநாள் மாலை நம் காலனி இளைஞர் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். பெயர் வேண்டாம்; அவர் இசைவு பெற்றே இதைச் சொல்கிறேன். “மாமா, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். கைப்பேசியில் இரண்டு கடிதங்களைக் காட்டினார். ஒன்று, புனே நகரத்துக் கம்பெனி ஒன்று அவரை வேலைக்கு அழைத்து எழுதியது. மாதம் இருபத்தையாயிரம் ரூபாய் கூடுதல். மற்றொன்று, அவர் இப்போது வேலை பார்க்கும் கம்பெனி எழுதியது. அவர் இராஜிநாமாக் கொடுத்த மூன்றாம் நாள் அது வந்திருக்கிறது. “நீங்கள் போக வேண்டாம், அதே இருபத்தையாயிரத்தை நாங்களே தருகிறோம்” என்று அதில் கண்டிருந்தது.

இதனைத்தான் நம் பிள்ளைகள் ‘கவுண்டர் ஆஃபர்’ என்கிறார்கள். தமிழில் எதிர்ச்சலுகை என்று சொல்லி வைப்போம். ஏற்பதா, மறுப்பதா? இதுவே அன்று அந்த இளைஞர் கேட்ட கேள்வி. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே.

நம் தந்தையர் அறியாத கேள்வி

இங்கே அமர்ந்திருக்கும் முதியோர்க்கு இக்கேள்வியே வியப்பாக இருக்கும். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, தாதரில் வந்திறங்கி, மாதுங்காவில் ஓர் அறையில் நால்வராகத் தங்கி, பிறகு செம்பூருக்குக் குடியேறிய தலைமுறை அது. அரசாங்க உத்தியோகமானாலும், வங்கியானாலும், பொதுத்துறையானாலும் சம்பளம் என்பது ஏணிப்படி போன்றது. ஆண்டுக்கு ஒரு படி. “நான் போகிறேன்” என்று ஒருவர் சொன்னால், மேலதிகாரி அவருக்காக ஒரு படியைப் புதிதாகச் செய்து வைக்க முடியாது. ஆகவே பேரமும் இல்லை. பேரத்தால் வரும் மனக்கலக்கமும் இல்லை. வேலையை விட்டவன் வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோல் உறவினர் வந்து உட்கார்ந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

1991ஆம் ஆண்டுப் பொருளாதார மாற்றத்திற்குப் பின் நிலைமை வேறாயிற்று. புதிய கம்பெனிகள் வந்தன. பழகிய கைகளை அவை தேடின. தேடப்பட்டவனுக்கு விலை ஏறிற்று. தகவல் தொழில்நுட்பத் துறையில் இது உச்சத்தைத் தொட்டதை 2022இல் கண்டோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தோடு முடிந்த காலாண்டில், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தாமாக விலகியோர் 28.4 விழுக்காடு என்று இன்போசிஸ் நிறுவனம் அறிவித்தது. நூறு பேரில் இருபத்தெட்டுப் பேர்! அடுத்த ஆண்டு அதே காலாண்டில் அந்தக் கணக்கு 17.3 விழுக்காடாக இறங்கிற்று. வெள்ளம் ஏறுவதும் வடிவதும் இவ்வளவு விரைவாக நிகழ்கின்றன. ஏறிய வெள்ளத்தில் கிடைத்த சலுகை, வடிந்த பின்னும் அதே மதிப்போடு நிற்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. பல கம்பெனிகளில் விலகும் அறிவிப்புக் காலம் தொண்ணூறு நாள். இராஜிநாமாக் கொடுத்தவன் மூன்று மாதம் அதே நாற்காலியில், அதே மேலதிகாரியின் முன்னே அமர்ந்திருக்க வேண்டும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் நிலை அது. அத்தொண்ணூறு நாளும் ஆசை காட்டலாம், அச்சமும் காட்டலாம். மன உறுதியோடு புறப்பட்டவர்கூடத் தளர்ந்து போவது இந்த இடைவெளியில்தான்.

முதலாளியின் பக்கத்திலிருந்து

முதலாளி ஏன் எதிர்ச்சலுகை தருகிறார்? அன்பினால் என்று எண்ணுவோர் உளர். வஞ்சகத்தினால் என்று எண்ணுவோரும் உளர். பெரும்பாலும் இரண்டும் அல்ல, அது கணக்கு. போகிறவருக்குப் பதில் ஒருவரைத் தேட வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், வேலை பழக்க வேண்டும், அவர் பழகும்வரை ஏற்படும் பிழைகளைப் பொறுக்க வேண்டும். இவை அனைத்திற்கும் செலவு உண்டு.

இதற்கு வரலாற்றில் பெரிய சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் மோட்டார் தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டு தொழிலாளர் வருவதும் போவதுமாக இருந்தனர். ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைப்பதற்காக 52,000 பேருக்கு மேல் ஓராண்டில் சேர்க்க வேண்டியிருந்தது என்பர். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாட்கூலியை ஐந்து டாலராக உயர்த்தினார். முன்பு கிடைத்ததைப் போல் அது ஏறத்தாழ இருமடங்கு. உலகம் அவரை வள்ளல் என்று புகழ்ந்தது. ஆயினும் ஆட்கள் நிலைத்து நின்றதால் தமக்கு இலாபமே என்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஃபோர்டு உயர்த்தியது தகுதியுடைய தொழிலாளர் பலர்க்கும் பொதுவாக. எதிர்ச்சலுகையோ, “போகிறேன்” என்று சொன்ன ஒருவருக்கு மட்டும், சொன்ன பிறகு தரப்படுவது. வேலையின் மதிப்புக்குத் தருவதற்கும், விலகலைத் தடுப்பதற்குத் தருவதற்கும் உள்ள வேறுபாடு இதில் அடங்கியிருக்கிறது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், ஓர் அமைப்பில் குறை கண்டவனுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார். ஒன்று வெளியேறுவது; மற்றொன்று வாய்திறந்து பேசுவது. இரண்டில் எதனை எப்போது கொள்வான் என்பதைப் பற்றுதல் தீர்மானிக்கிறது என்பது அவர் கருத்து. என் அனுபவத்தில் நான் கண்டது இது: பேசவேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிட்டு, வெளியேறுவதையே பேச்சாக்குகிறவர்கள் நம்மவரில் மிகப் பலர். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதை அறிந்தும், மேலதிகாரியிடம் கேட்பதற்கு நாம் கூசுகிறோம். மூன்றாண்டு மனத்துக்குள் புழுங்கி, நான்காம் ஆண்டு இராஜிநாமாக் கடிதத்தோடு போய் நிற்கிறோம்.

ஒரு புலவரின் மறுப்பு

புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்னும் புலவரைக் காண்கிறோம். வறுமையில் வாடியவர். குன்றும் மலையும் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். மன்னன் அவரை நேரில் காணாமலே, ‘இதனைக் கொண்டு செல்க’ என்று பரிசில் அனுப்பினான். புலவர் ஏற்கவில்லை. தம்மைக் காணாமல், தம் புலமையின் அளவை அறியாமல் தந்த பொருளைக் கொண்டு செல்வதற்குத் தாம் வணிகர் அல்லர் என்றார். தகுதி அறிந்து தருவது சிறிதாயினும் தமக்கு இனிது என்றார்.

வீட்டில் பசியிருந்த மனிதர் சொன்ன சொல் அது. ஆதலால்தான் அதற்கு இவ்வளவு கனம். நாம் எல்லாரும் பெருஞ்சித்திரனாராக முடியாது. வீட்டுக்கடன் தவணையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நமக்கு உண்டு. எனினும் எதிர்ச்சலுகை கைக்கு வரும்போது, ‘இவர்கள் என்னைக் கண்டு தருகிறார்களா, காணாமல் தருகிறார்களா?’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

நான் ஏற்ற சலுகை

என் கதையைச் சொல்லாமல் பிறர்க்கு அறிவுரை கூறுவது நேர்மையன்று.

1994இல் புனேயை அடுத்த பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலை என்னை அழைத்தது. நான் விலக எண்ணியதற்குக் காரணம் சம்பளம் அன்று. என் துறைத்தலைவர்க்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. எந்தக் கோப்பிலும் என் குறிப்பு அவரைத் தாண்டி மேலே போகாது. இராஜிநாமாக் கொடுத்தேன். நிர்வாக இயக்குநர் என்னை அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். ‘என்ன வேண்டும்?’ என்று அவர் கேட்கவில்லை, ‘ஏன் போகிறீர்?’ என்று கேட்டார். ஒரு வாரத்தில், பயிற்சிப் பிரிவைத் தனியே பிரித்து என் பொறுப்பில் விட்டு, நேரே தம்மிடம் அறிக்கை தருமாறு எழுத்தில் ஆணை தந்தார். சம்பளம் சிறிதே உயர்ந்தது. பிம்ப்ரிக்காரர் தருவதாகச் சொன்னதைவிடக் குறைவுதான். அன்று என் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான்; மனைவி இங்கே பள்ளியில் ஆசிரியை. புனேக்கு விரைவுச்சாலை இல்லாத காலம்; கட்டம் இறங்கிவரும் ரயிலை நம்பித்தான் குடும்பத்தைப் பார்க்க வரவேண்டும். சலுகையை ஏற்றேன். 2011இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

இதனால் எதிர்ச்சலுகை எப்போதுமே தீது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

நான் எழுதிய சலுகை

1996இல் எங்கள் தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் இராஜிநாமாக் கொடுத்தார். கொங்கணி பேசும் மனிதர். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோய் இன்னதென்று சொல்லக்கூடியவர். புதிய இயந்திரங்கள் வந்து இறங்கிய நேரம் அது. ‘எப்படியாவது நிறுத்தி வையுங்கள்’ என்று எனக்கு ஆணை வந்தது. நான் அவரை அழைத்துப் பேசினேன். அவர் தயங்கினார். அப்போது நான் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. “என்னையே பாருங்கள். நானும் இரண்டாண்டுக்குமுன் போகத்தான் நினைத்தேன். இருந்தேன், நன்றாக இல்லையா?” என்றேன். அவர் நம்பினார். வெளியிலிருந்து வந்த வேலையை மறுத்து எழுதினார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தந்த கடிதத்தில் பணம் மட்டுமே இருந்தது. எனக்கு ‘ஏன்’ என்று கேட்ட இயக்குநர் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார்; அவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு இளம் பொறியாளர்களை அவர்கீழ் வைத்து வேலை பழக்குமாறு அடுத்த மாதமே குறிப்பு வந்தது. அக்குறிப்பின் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. பதினான்கு மாதம் சென்றது. ஆர்டர் குறைந்தது. ஆட்குறைப்புப் பட்டியல் ஒன்று தயாராயிற்று. ‘ஒருமுறை போக நினைத்தவர், சம்பளமும் அதிகம்’ என்ற காரணத்தோடு அவர் பெயர் முதலில் இருந்தது. அந்தப் பட்டியலைத் தட்டெழுதச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நானே.

சில ஆண்டுகளுக்குப் பின் குர்லா ரயில் நிலையத்து மேம்பாலத்தில் அவரைக் கண்டேன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அவரே அழைத்துக் கைகுலுக்கினார். குறை ஒன்றும் சொல்லவில்லை. “நீங்கள் சொன்னதால் இருந்தேன்” என்று மட்டும் சொன்னார். வண்டி வந்தது, போய்விட்டார்.

அன்பர்களே, ஒருவனுக்கு நன்றாக அமைந்தது என்பது மற்றொருவனுக்குச் சான்றாகாது. இதனை நான் கற்றுக்கொண்ட விலை இன்னொருவருடைய வாழ்க்கை. ஆதலால்தான் இன்று இம்மேடையில் நின்று ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்றோ ‘மறுத்துவிடுங்கள்’ என்றோ நான் சொல்வதற்கில்லை. கேட்கவேண்டிய கேள்விகளைச் சொல்லலாம். விடை அவரவர்க்கு உரியது.

கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

முதற்கேள்வி: புறப்பட நினைத்த காரணம் என்ன? அதனை இராஜிநாமாக் கொடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சலுகை வந்தபின் எழுதினால் கை பொய் சொல்லும். காரணம் சம்பளம் ஒன்றே என்றால், சம்பளம் உயர்ந்தவுடன் குறை தீர்ந்தது, இருப்பதில் இழுக்கில்லை. காரணம் வேலையின் தன்மை, மேலதிகாரியின் நடத்தை, முன்னேற வழியின்மை என்றால், இருபத்தையாயிரம் அதனைத் தீர்க்காது. தலைவலிக்குக் காலில் களிம்பு தடவியது போலாகும்.

இரண்டாம் கேள்வி: இன்று தரக்கூடியதைச் சென்ற ஏப்ரலில் ஏன் தரவில்லை? இதனைச் சினத்தோடு கேட்க வேண்டுவதில்லை, அமைதியாகக் கேட்கலாம். ‘நீங்கள் கேட்கவில்லையே’ என்பது விடையானால், அதில் ஓரளவு நம் குற்றமும் உண்டு. ‘அப்போது பணமில்லை’ என்றால், இப்போது எங்கிருந்து வந்தது? அடுத்த ஆண்டு உங்களுக்கு உரிய உயர்விலிருந்து எடுத்து இன்றே தருகிறார்களா? இதற்குத் தெளிவான விடை வேண்டும். அடுத்த சம்பள உயர்வு எப்போது, எந்த அடிப்படையில் என்பதை அறிந்துகொள்ளாமல் தலையாட்டக்கூடாது.

மூன்றாம் கேள்வி: எது எழுத்தில் இருக்கிறது? பணம் எழுத்தில் வரும். பதவி, பிரிவு மாற்றம், புதிய பொறுப்பு ஆகியவை வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும். ‘பார்க்கலாம்’ என்பது உறுதிமொழி அன்று. இராஜிநாமாத் திரும்பப் பெறப்பட்டது என்பதையும் நிர்வாகம் எழுத்தில் ஏற்க வேண்டும். அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 மே மாதம், ஆகஸ்டு முதல் நாளிலிருந்து விலகுவதாக இராஜிநாமா எழுதி, ஜூலையில் அதனைத் திரும்பப் பெற்றார். அவ்வாறு பெறலாமா என்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பிற்காலத்தில் நடப்புக்கு வரும் இராஜிநாமாவை அந்த நாள் வருமுன், தடை ஏதும் இல்லாதபோது, திரும்பப் பெறலாம் என்று 1978இல் தீர்ப்பாயிற்று. நீதிபதிக்கே வழக்கு வேண்டியிருந்தது! தனியார் கம்பெனியில் பணி ஒப்பந்தத்தின் சொற்களும் இடையே நிற்கும். ஆகவே ஒரு வரி எழுத்து வாங்கிவிட்டால் மனத்துக்கும் நிம்மதி.

நான்காம் கேள்வி: கணக்கு என்ன சொல்கிறது? நம்மவர் இரண்டு அச்சங்களால் தடுமாறுகிறார்கள். ஒன்று, வருங்கால வைப்பு நிதி போய்விடும் என்பது. அது வீண் அச்சம். 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரே நிலையான எண் உண்டு. வேலை மாறினாலும் கணக்கைப் புதிய இடத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றாமல் எடுத்துச் செலவழித்தால்தான் இழப்பு. ஓய்வூதியத்திற்கு வேண்டிய பத்தாண்டுச் சேவைக் கணக்கும் அதனால் அறுந்து போகலாம்.

மற்றொன்று பணிக்கொடை. இந்த அச்சத்தில் பொருள் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்து, 2025 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறபடி, நிரந்தரப் பணியாளர் விலகும்போது பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர்சேவை வேண்டும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். நம் இளைஞர் நான்காண்டு ஒரு மாதம் பணியாற்றியவர். கணக்குக்குரிய சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்று கொண்டால், ஐந்தாண்டு நிறைவில் ஏறத்தாழ 1,73,000 ரூபாய் கிடைக்கும். இப்போது போனால் அது இல்லை. பெரிய தொகைதான். ஆனால் அறுபது மாதத்துக்குப் பகிர்ந்து பாருங்கள்: மாதம் 2,900 ரூபாயை எட்டவில்லை. வாழ்க்கையின் திசையை அதனிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. புதிய கம்பெனியிடம், ‘இந்த இழப்பை ஈடுசெய்யுங்கள்’ என்று சேரும்போதே கேட்கலாம், தருகிறவர்கள் உண்டு. அவ்வாறு தரும் தொகையை, ஓராண்டிலோ ஈராண்டிலோ விலகினால் திருப்பிக் கேட்பார்கள் என்பதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இன்னொன்று. ‘போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது’ என்று பழைய முதலாளி பயமுறுத்துவதைக் கேட்டுச் சிலர் அஞ்சுகிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடுகளைச் செல்லாதவை என்கிறது. விலகிய பின்னும் பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனைக்குப் பொதுவாக வலுவில்லை. கம்பெனியின் இரகசியங்களைக் காப்பது வேறு. அது சட்டமும் அறமும் ஒருங்கே கேட்பது.

இளைஞர்க்கு ஒரு சொல்

போகும் எண்ணமே இல்லாமல், சம்பளத்தை உயர்த்துவதற்காகவே இராஜிநாமாக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ‘புலி வருது’ என்று கூவிய சிறுவன் கதை உங்களுக்குத் தெரியும். முதல்முறை பலிக்கலாம், இரண்டாம் முறை, ‘நல்லது, போய் வாருங்கள்’ என்பார்கள்.

வேறொரு கம்பெனிக்குச் ‘சேருகிறேன்’ என்று எழுதிக் கொடுத்திருப்பதும் நம் வாக்கு என்பதை மறவாதீர்கள். எதிர்ச்சலுகையை ஏற்பதென்று முடிவு செய்தால், அன்றே அவர்களிடம் நேரே பேசி வருத்தம் தெரிவியுங்கள். சேரவேண்டிய நாளன்று தொலைபேசியை அணைத்து வைத்துக்கொள்வது தமிழன் செய்யத்தக்க காரியம் அன்று. அந்த இடத்திற்காக மற்றொரு வீட்டுப் பிள்ளை காத்திருக்கிறான்.

அந்த இளைஞர் என்ன செய்தார்?

அவர் கணக்கைப் பார்த்தோம். பணம் இரண்டிடத்திலும் ஒன்றே. புனேயில் வாடகை, சாப்பாடு, வாரந்தோறும் வந்துபோகும் செலவு ஆகியவற்றைக் கழித்தால், இருப்பதே இலாபம். தாயார் தனியே இருப்பவர். முழங்கால் வலியால் மாடிப்படி இறங்க இயலாதவர். ஆகவே கணக்கு, ‘இரு’ என்றது.

பிறகு, ‘ஏன் போக நினைத்தாய்?’ என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். மூன்றாண்டுகளாகத் தாம் செய்யும் சோதனை அறிக்கைகள் வேறொருவர் பெயரில் மேலே போவதையும், பிரிவு மாற்றம் இருமுறை கேட்டும் ‘பார்க்கலாம்’ என்றே விடை வந்ததையும் சொன்னார். “மாமா, காலையில் செருப்பை மாட்டும்போதே மனம் கசக்கிறது” என்றார். நான் கொங்கணிப் பொறியாளரின் கதையைச் சொன்னேன். ‘நாளைக்குப் போய்ப் பிரிவு மாற்றத்தை எழுத்தில் கேள்; கிடைத்தால் இரு’ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து வந்தார். சம்பளக் கடிதம் கையெழுத்தாகித் தயாராக இருந்ததாம். பிரிவு மாற்றம், ‘அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்’. அன்றிரவு தாயாரிடம் தாமே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மையார் என்ன சொன்னார் தெரியுமா? “இருபத்தைந்து ரூபாய் கூடினாலும் இருபத்தையாயிரம் கூடினாலும் நீ முகம் வாடி வீட்டுக்கு வருவதைத்தானே நான் பார்க்கப் போகிறேன்? போய் வா. வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்கு வந்துவிடு” என்றாராம்.

அவர் போனார். வெள்ளிதோறும் இரவு வருகிறார். பக்கத்து வீட்டார் அந்த அம்மையாருக்குக் காலையில் பாலும் காய்கறியும் வாங்கித் தருகின்றனர். மருத்துவரிடம் அழைத்துப்போக நம் சங்கத்து மகளிர் இருவர் முறைவைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலனி என்பதற்கு இதைவிட வேறு பொருள் உண்டோ? முடிவு சரிதானா என்று சொல்ல ஓராண்டு போதாது. ஆனால் அவர் அறிக்கைகளில் இப்போது அவர் பெயர் இருக்கிறது.

இங்கே உள்ள பெற்றோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. பிள்ளைகள் இப்படியொரு கடிதத்தோடு வந்து நின்றால், ‘இருக்கிறதை விட்டுப் பறக்கிறதைப் பிடிக்காதே’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ‘கூடுதல் சம்பளமா, போ’ என்றும் சொல்லாதீர்கள். எனக்கு அந்த நிர்வாக இயக்குநர் செய்ததையும், அந்தப் பொறியாளருக்கு நான் செய்யத் தவறியதையும் செய்யுங்கள். ‘ஏன்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை பொறுத்திருங்கள்.